நாக்கடி மருந்தும் தோலடி மருந்தும்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 25 வயது. கல்லூரியில் கூடைப்பந்து ஆடித் தோள் விலகி அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது கொடுத்த ஆக்ஸிகோடோன் வலி மாத்திரையில்தான் எல்லாம் தொடங்கியது. டாக்டர் நிறுத்தியதும் வெளியில் வாங்க ஆரம்பித்தான். அந்தப் போலி மாத்திரையில் ஃபென்டனில் என்ற கடுமையான போதை மருந்து இருந்திருக்கிறது. ஒருநாள் குளியலறையில் மூச்சில்லாமல் கிடந்தான், எப்படியோ பிழைத்தான். பதினான்கு மாதமாக நாக்கடியில் வைத்துக் கரைக்கும் பியூப்ரெனார்ஃபின்-நலாக்ஸோன் ஃபிலிம் எடுக்கிறான், தினம் 8 மி.கி. ஒழுங்காக வேலைக்குப் போகிறான். பெட்டியை என் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். காலையில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, கரையும்வரை பக்கத்தில் நின்று, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். இதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது. கையில் குச்சி வைத்தால் ஆறு மாதத்துக்கு மருந்து தானாக இறங்கும் என்று படித்தேன். கிடைக்குமா? உறவினர் ஒருவர், நால்ட்ரெக்ஸோன் குளிகையைத் தோலுக்கடியில் வைத்தால் போதை ஏறவே ஏறாது, இந்த மருந்தையும் விட்டுவிடலாம் என்கிறார். எது நல்லது? நவம்பரில் ஐந்து வாரம் மதுரைக்குப் போகிறோம், தங்கை மகள் கல்யாணம். கையில் மீந்திருக்கும் ஃபிலிம்களை என்ன செய்வது?

பதில்:

அம்மா, உறவினர் சொன்ன விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. மகன் 25 வயதுக்காரர் என்பதால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, நால்ட்ரெக்ஸோன் அந்தத் துண்டு மாதிரி. மூளையில் ஓபியாய்டு (அபின் வகை மருந்து) உட்காரும் இடங்களை எல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும், தான் மட்டும் எந்த வேலையும் செய்யாது. வெளியிலிருந்து என்ன மாத்திரை வந்தாலும் உட்கார இடமிருக்காது. பியூப்ரெனார்ஃபின் அப்படி இல்லை. சீட்டில் நன்றாக அழுந்தி உட்கார்ந்து பாதி வேலையையும் செய்யும். அதனால்தான் உங்கள் மகனுக்கு உடம்பு முறுக்குவதில்லை, தேடல் எழுவதில்லை. பாதி வேலைக்கு மேல் செய்யாததால் மூச்சை அடக்கும் அபாயமும் ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது.

இப்போது 8 மி.கி. பியூப்ரெனார்ஃபினில் இருக்கும் ஒருவருக்கு நால்ட்ரெக்ஸோனைக் கொடுத்தால் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி வெளியே தள்ளியதுபோல ஆகும். வாந்தி, பேதி, வியர்வை, நிலைகொள்ளாத தவிப்பு எல்லாம் ஒரே மூச்சில் வரும், சிலரை மருத்துவமனையில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும். மாத்திரையாக இருந்தால் ஓரிரு நாளில் இறங்கிவிடும். தோலுக்கடியில் வைத்ததை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. ஆகவே நால்ட்ரெக்ஸோன் தொடங்க வேண்டுமானால் குறைந்தது 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் உடம்பில் இருக்கக்கூடாது. பியூப்ரெனார்ஃபினில் இருந்தவருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். மறுபடி விழுபவர்கள் பெரும்பாலும் விழுவது அந்த இடைவெளியில்தான். அமெரிக்காவில் 570 பேரை வைத்து இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நால்ட்ரெக்ஸோன் ஊசிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேரால் முதல் ஊசியைக்கூட எட்ட முடியவில்லை. பியூப்ரெனார்ஃபின் பக்கம் அந்த எண் 6 சதவீதம். தொடங்கிவிட்டவர்களுக்குள் பெரிய வித்தியாசமில்லை.

இன்னொன்று, ஓபியாய்டு பழக்கத்துக்கென்று நால்ட்ரெக்ஸோன் குளிகை எதற்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடையாது. ரஷ்யாவில் அனுமதி பெற்ற ஒன்று உண்டு. இங்கே அனுமதி உள்ளது விவிட்ரால் என்ற மாதாந்திர ஊசிக்கு, 380 மி.கி., பிட்டத் தசையில் போடுவது. ஏற்கெனவே ஓபியாய்டை முழுதாக விட்டு வெளியே வந்தவர்களுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் வீரியம் தீர்ந்த பிறகு வரும் நாட்களைக் கவனிக்க வேண்டும். துண்டை எடுத்துவிட்டார்கள், சீட் காலி, உடம்பின் பழைய தாங்குசக்தியும் போய்விட்டது. முன்பு தாங்கிய அளவை நினைத்து அதே அளவு எடுப்பவர் உயிரை விடுகிறார். பதினான்கு மாதம் நிலையாக நிற்கும் ஒருவரை இதற்காக இறக்கி மறுபடி ஏற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, நீங்கள் படித்த குச்சி. அது புரோபுஃபின். 2016 மே மாதம் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. ஒரு குச்சி 26 மில்லிமீட்டர் நீளம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். தீக்குச்சியில் பாதிக்குச் சற்று மேலே வரும். ஒவ்வொன்றிலும் 74.2 மி.கி. பியூப்ரெனார்ஃபின், ஈ.வி.ஏ. என்ற மென்மையான பிளாஸ்டிக்கோடு கலந்து வார்த்தது. நான்கு குச்சி ஒரு தொகுதி. முதல் நாள் மேற்பரப்பில் இருக்கும் மருந்து சற்று வேகமாகக் கரையும், பிறகு ஆறு மாதமும் சீராகக் கசியும்.

வைக்கும் முறையைச் சொன்னால் அது ஏன் நிலைக்கவில்லை என்பதும் புரிந்துவிடும். ஆளைப் படுக்கவைத்து முழங்கையை மடக்கி, கையைத் தலைப்பக்கம் விரித்துவைப்பார்கள். முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டிலிருந்து 8 முதல் 10 செ.மீ. மேலே, முன்தசைக்கும் பின்தசைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மரப்பு ஊசி. 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஒரு கீறல். அதன் வழியே குழாய் ஊசியைத் தோலை மேலே தூக்கியபடி, சதைக்குள் இறங்காமல், தோலுக்குச் சமமாகச் செலுத்தி ஒரு குச்சியை விடுவார்கள். ஊசியை முழுதாக வெளியே எடுக்காமல் திசையை மட்டும் மாற்றி அடுத்தது, பிறகு அடுத்தது. விசிறி மடிப்பு மாதிரி நான்கும் பக்கம் பக்கமாக வரவேண்டும். கடைசியில் விரலால் தடவி நான்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று ஆழமாகப் போயிருந்தால் ஆறு மாதம் கழித்து எடுக்கும்போதுதான் தலைவலி ஆரம்பம். எக்ஸ்ரேயில் அது தெரியாது, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துத் தேட வேண்டும். அதற்குள் சுற்றிலும் நார்த்திசு வளர்ந்து குச்சியைக் கவ்வியிருக்கும். வைப்பது எளிது, எடுப்பதற்குத்தான் கை வேண்டும். நரம்பில் சேதம், குச்சி இடம் நகர்வது, தோலைத் துளைத்து வெளியே வருவது எல்லாம் சேர்ந்து மருந்துக் குறிப்பேட்டில் கட்டம் கட்டி மிகக் கடுமையான எச்சரிக்கையாக அச்சிடப்பட்டிருந்தன. கரைந்துபோகும் பொருள் அல்ல என்பதால் எடுத்தே ஆகவேண்டும். எடுத்த குச்சியில் மருந்து மீதி இருக்கும் என்பதால் அதைக் கணக்கு வைத்து அழிக்க வேண்டும்.

மருந்தாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. 177 பேரைச் சேர்த்த ஓர் ஆய்வில், ஆறு மாதத்தில் குறைந்தது நான்கு மாதம் வேறு ஓபியாய்டு எடுக்காமல் இருந்தவர்கள் குச்சிப் பக்கம் ஏறக்குறைய 96 சதவீதம், நாக்கடி மருந்துப் பக்கம் 88. இரண்டு பக்கமும் ஏற்கெனவே நிலைபெற்ற ஆட்கள் என்பதால்தான் எண்கள் இத்தனை அழகாக இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பழக்கத்திலிருந்து அன்றுதான் வெளியே வரும் ஒருவருக்கு இது பொருந்தாது. தினம் 8 மி.கி. அல்லது அதற்குக் குறைவில் நிலையாக இருப்பவருக்கு மட்டுமே அனுமதி. ஒரு கைக்கு ஒருமுறை, ஆக இரண்டு தடவை, ஒரு வருடம். அதற்குப் பிறகு திரும்ப நாக்கடி மருந்துதான். தனிப் பயிற்சி பெற்ற டாக்டர், சுத்தமான சிகிச்சை அறை, ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 5,000 டாலர் விலை. உட்கார்ந்து பேசி மருந்து எழுதிக் கொடுக்கும் கிளினிக்குகளில் கீறல் போடும் ஏற்பாடு எங்கே இருக்கும்? தயாரித்த டைட்டன் நிறுவனம் 2020-இல் அமெரிக்க விற்பனையை நிறுத்திவிட்டது. ஐரோப்பாவில் சிக்ஸ்மோ என்ற பெயரில் 2019-இல் அனுமதி வாங்கியது இதே குச்சிதான்.

ஆகவே உங்கள் ஊரில் குச்சி கிடையாது. ஆனால் நீங்கள் குச்சியிடம் எதிர்பார்த்தது கிடைக்கும். அதே பியூப்ரெனார்ஃபின், தோலுக்கடியில் போடும் ஊசியாக இரண்டு விதத்தில் இருக்கிறது. எதையும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை, தானாகக் கரையும்.

முதலாவது சப்ளோகேட், 2017-இல் வந்தது. மாதம் ஒன்று. வழக்கமாக முதல் இரண்டு மாதம் 300 மி.கி., பிறகு 100 மி.கி. உங்கள் மகனைப் போல ஏற்கெனவே நிலையாக இருப்பவருக்கு இரண்டாவது ஊசியிலேயே 100-க்கு இறக்குவதும் உண்டு. ஊசி சற்றுத் தடிமன், மருந்தும் கெட்டி. உள்ளே போகும்போது ஒரு நிமிடம் நன்றாக எரியும். முன்னாலேயே ஐஸ் வைத்து மரக்கவைக்கச் சொல்லிக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உள்ளே போன திரவம் உடம்பின் ஈரம் பட்டதும் இறுகிக் கட்டியாகிவிடும். பெரிய டோஸ் என்றால் சின்ன நெல்லிக்காய் அளவு, சின்ன டோஸ் என்றால் பட்டாணி அளவு கைக்குத் தட்டுப்படும், வாரக்கணக்கில் சுருங்கும். அதுதான் மருந்துக் கிடங்கு. நம் வீடுகளில் கட்டி என்றாலே எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும் சூடாக ஒத்தடம் வைப்பதும் கை தானாகச் செய்கிற வேலை. இரண்டும் கூடாது. வயிற்றில் போட்டிருந்தால் பெல்ட் அந்த இடத்தை அழுத்தாமல் இருக்கட்டும். சிவந்து, சூடாகி, சீழ் வந்தால் உடனே கிளினிக்குக்கு. தவிர்க்க முடியாத நிலையில் முதல் 14 நாளுக்குள் அறுவை செய்து கட்டியை எடுக்கலாம், அதற்குப் பிறகு முடியாது.

இரண்டாவது பிரிக்ஸாடி, 2023-இல் அனுமதி. வாரம் ஒரு முறையும் உண்டு, மாதம் ஒரு முறையும் உண்டு. வார ஊசி 8, 16, 24, 32 மி.கி. அளவுகளில், மாத ஊசி 64, 96, 128 மி.கி. அளவுகளில். ஊசி மெல்லியது, மருந்தும் குறைவு, எரிச்சலும் குறைவு. தினம் 8 மி.கி. ஃபிலிம் எடுப்பவருக்கு மாத ஊசியில் 64, வார ஊசியில் 16 என்பது மாற்று அளவு. எண்களைப் பார்த்து ‘எட்டு எப்படி அறுபத்துநாலு ஆனது’ என்று பயப்பட வேண்டாம், அது மாதம் முழுதுக்குமான சரக்கு. என் கணக்கில் உங்கள் மகனுக்கு 64 பொருத்தமாகத் தெரிகிறது. சப்ளோகேட்டின் 300 அவருக்கு முதல் மாதம் கொஞ்சம் கனமாக இறங்கி மலச்சிக்கலும் கிறக்கமும் தரலாம். ஆனால் பயணக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டு ஊசிகளும் வீட்டுக்கு பார்சலில் வராது, மருந்துக்கடையிலும் கையில் தரமாட்டார்கள். பதிவு பெற்ற கிளினிக்கில் மருத்துவரோ நர்ஸோ போட வேண்டும். காரணம் மிக நேரடியானது: யாராவது ரத்தக்குழாயில் ஏற்றிக்கொண்டால் இறுகிய கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக் கொன்றுவிடும். ஃபிலிம் எழுதிக் கொடுக்கும் டாக்டரின் கிளினிக் ஊசிக்கும் பதிவு பெற்றிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் முன் அனுமதிக்கு நாள் பிடிக்கும். அதுவரை, ஊசி போடும் நாள்வரைக்கும், ஃபிலிம் நிற்கக்கூடாது. அவர் உங்கள் பாலிசியில் இருந்தால் 26 வயதில் வெளியே வந்துவிடுவார், புது கம்பெனியில் அனுமதிப் படலம் முதலிலிருந்து தொடங்கும். பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அந்த வேலையை ஆரம்பிப்பது நல்லது.

மதுரைப் பயணம். ஃபிலிமோடு போனால் கடை லேபிள் ஒட்டிய பெட்டி, மருந்துச் சீட்டின் நகல், டாக்டர் கடிதம் மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். பியூப்ரெனார்ஃபின் இந்தியாவில் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து. எவ்வளவு கொண்டு போகலாம் என்பதை நியூயார்க் துணைத் தூதரகத்தில் முன்கூட்டி எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி என்றால் கொண்டுபோக ஒன்றுமில்லை. பிரிக்ஸாடி மாத ஊசியை அதன் நாளிலிருந்து ஒரு வாரம் முன்பின்னாகப் போடலாம். 28-உம் 7-உம் 35, உங்கள் ஐந்து வாரமும் 35. விமானம் ஒருநாள் தாமதமானால் கணக்கு உதைக்கும். சப்ளோகேட்டில் நிலைபெற்றவருக்கு ஊசி இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் இந்தப் பயணத்துக்கு சப்ளோகேட் வசதி. ஆனால் மருந்து ரத்தத்தில் முழு மட்டத்துக்கு வர நாலைந்து மாதம் ஆகும். எந்த ஊசியானாலும் முதல் ஊசியைப் பயணத்துக்கு முந்தின வாரம் போட்டுக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். அப்படி நேரம் இல்லையென்றால் இந்தப் பயணத்தை ஃபிலிமோடு முடித்துவிட்டு வந்து மாற்றிக்கொள்ளட்டும்.

அங்கே போய்க் கால் பிசகினாலோ பல்வலி வந்தாலோ சட்டென்று டிரமடால் ஊசி போட்டுவிடுவார்கள். அதுவும் ஓபியாய்டு. ‘நீண்டநாள் வேலைசெய்யும் பியூப்ரெனார்ஃபின் உடம்பில் இருக்கிறது’ என்று டாக்டர் கையெழுத்திட்ட ஒரு சீட்டு அவர் பர்ஸில் இருக்கட்டும். சாதாரண வலிக்குப் பாரசிட்டமால், வயிறு ஒத்துக்கொண்டால் ஐபுப்ரோஃபென், அதற்கு மேல் என்றால் நரம்பை மரக்கவைக்கும் ஊசி. இங்கே அறுவை சிகிச்சை வந்தாலும் இதே சீட்டுதான். ஆபரேஷனுக்காக பியூப்ரெனார்ஃபினை நிறுத்த வேண்டியதில்லை. மயக்க மருந்து டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் போதும். கல்யாண வீட்டில் ‘ஒரே ஒரு பெக்’ என்று இழுக்கும் மாமாக்களையும் தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் நீட்டும் அத்தைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பியூப்ரெனார்ஃபினின் மூச்சு எல்லை அந்த இரண்டில் ஒன்று கூடச் சேர்ந்தாலும் காப்பாற்றாது.

எப்போது முழுதாக நிறுத்துவது என்பதற்குத் தேதி கிடையாது. வேலை, தூக்கம், நட்பு வட்டம் எல்லாம் ஒருசேர நிலைத்து, அவரே கேட்கும்போது பேசலாம். ஊசியில் ஒரு வசதி உண்டு. சப்ளோகேட்டின் கடைசி ஊசிக்குப் பிறகும் மருந்து மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வெளியேறும், ஒரு வருடம் கழித்துக்கூட ரத்தத்தில் சிறிது தெரியலாம். படிப்படியாகக் குறைக்கும் வேலையை உடம்பே செய்துகொள்கிறது. அதனாலேயே ஒரு சிக்கலும் உண்டு: தேடல் திரும்புவது ஊசி நின்ற மாதத்தில் இருக்காது, எல்லோரும் மறந்துபோன ஐந்தாவது ஆறாவது மாதத்தில் இருக்கலாம். கிளினிக் வருகையை அதுவரை நிறுத்தக்கூடாது.

நாக்கைத் தூக்கிக் காட்டும் விஷயத்துக்கு வருகிறேன். மூச்சில்லாமல் கிடந்த பிள்ளையைப் பார்த்த பிறகு முதல் சில மாதம் அப்படிச் செய்ததில் தவறே இல்லை. பதினான்கு மாதத்துக்குப் பிறகும் நீங்கள் செய்துகொண்டிருப்பது நர்ஸின் வேலை. ஊசி அந்த வேலையைக் கிளினிக்குக்கு மாற்றிவிடும், உங்களிடம் காலண்டரில் ஒரு தேதி மட்டும் மிஞ்சும். அதற்காகத்தான் இந்த மாற்றத்தை நான் ஆதரிக்கிறேன், மருந்தின் பலத்துக்காக அல்ல. ஆனால் கேட்க வேண்டியவர் அவர். அவர் கையெழுத்துப் போடாமல் டாக்டர் உங்களிடம் எதையும் பேச முடியாது. ஊசி போட்ட பிறகு ‘கட்டி இருக்கா, காட்டு’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஓபியாய்டால் நின்ற மூச்சை மீட்கும் நர்கான் வீட்டில் இருக்கட்டும். 2023 முதல் சீட்டில்லாமலே கிடைக்கிறது, ஒரு பெட்டியில் இரண்டு மூக்கு ஸ்பிரே, ஒவ்வொன்றும் 4 மி.கி. ஆள் எழவில்லை, மூச்சு இல்லை அல்லது குறட்டைபோல இழுக்கிறது, உதடு நீலம் என்றால் 911-ஐ அழையுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, உங்கள் விரல் மூக்கில் முட்டும்வரை முனையை நுழைத்து, பின்பக்க விசையை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். முன்கூட்டி அழுத்திச் சோதித்துப் பார்த்தால் மருந்து வீணாகிவிடும், ஒரு ஸ்பிரேக்கு ஒரே அழுத்துதான். 2-3 நிமிடத்தில் மூச்சு வராவிட்டால் இரண்டாவது, அடுத்த மூக்கில். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருங்கள். பீரோவுக்குள் பூட்டி வைக்கக் கூடாத பொருள் இது ஒன்றுதான். சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

மீந்த ஃபிலிம்கள். ஊசிக்கு மாறும் முதல் மாதத்தில் எப்போதாவது ஒன்று தேவைப்படலாம் என்று டாக்டர் சொன்னால் அவர் சொன்ன எண்ணிக்கையை மட்டும் பூட்டில் வையுங்கள். மற்றதை மருந்துக்கடையில் பழைய மருந்து போடும் பெட்டியில் சேர்க்கலாம். அது பக்கத்தில் இல்லையென்றால் ஒவ்வொன்றாக உறையைப் பிரித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பொதுவாக மருந்துகளை அப்படிச் செய்யக்கூடாது என்றாலும் எஃப்.டி.ஏ. விலக்கு அளித்திருக்கும் சில மருந்துகளில் பியூப்ரெனார்ஃபினும் ஒன்று. குப்பைக்கூடையில் உறையோடு போடாதீர்கள். வீட்டுக்கு வரும் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த ஒரு ஃபிலிமே போதும், மூச்சு நின்றுவிடும்.